மேல் பள்ளத்தாக்கின் நான்கு மரணங்கள்

எங்கள் மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் ஐந்து பேர் சம்பளம் வாங்கினோம். வேலை செய்தது சல்கின் ஒருத்திதான். மற்ற நால்வரில் நானும் ஒருத்தி என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நான் தட்டச்சு செய்கிறவள். அவள் எழுதித் தருவதை அடிப்பேன், தலைவர் கம்ச்சிபெக் கையெழுத்துப் போடுவார், தலைநகருக்குப் போய்விடும். இருபது வருடத்துக்கு மேல் அவளும் நானும் எதிரெதிர் மேசை.

பிறப்பும் இறப்பும் அவள் பொறுப்பு. நெட்டையாக, எலும்பும் தோலுமாக இருப்பாள். குளிர்காலத்தில் புருஷனின் பழைய தோல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு தரை அதிர நடப்பாள். புருஷன் சைபீரியாவில் செங்கல் அடுக்கப் போனவன். மாதம் ஒருமுறை போன் பண்ணினால் பெரிய விஷயம். ஒரே மகன் துரார், அப்போது பதினாறு வயது. மாதக் கடைசி அட்டவணை முடிகிற வரை தேநீர் வேண்டாம் என்பாள். நாங்கள் நாலு பேரும் அவளுக்கும் சேர்த்துக் குடிப்போம்.

2007 இலையுதிர் காலத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, மேல் பள்ளத்தாக்கில் இருக்கிற சின்னப் பிரசவ மனையை மூடப்போகிறோம் என்றது. அங்கே ஐந்து கிராமங்களிலும் சேர்த்து மூன்று வருடத்தில் குழந்தைச் சாவு நான்குதான். நிலைமை இவ்வளவு நன்றாக இருக்கும்போது தனி மனை எதற்கு, தாய்மார்கள் கணவாயைத் தாண்டி இங்கே நகரத்துக்கு வரட்டும் என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது கடிதம் வெளிநாட்டு நிபுணர் குழு ஒன்றைப் பற்றியது. நாட்டின் புள்ளிவிவரங்கள் எவ்வளவு நம்பத்தக்கவை, அவற்றைத் திரட்டுகிறவர்களுக்கு எவ்வளவு திறன் இருக்கிறது என்று மதிப்பிட்டு மதிப்பெண் போடுவார்களாம். பார்க்கப்போகும் மூன்று மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று.

சல்கின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

"அந்த நாலு நான் குடுத்த நம்பர்டி, கலிபா," என்றாள். "அதை வெச்சுத்தான் மூடுறாங்க."

"நீயா கொன்ன? வந்த பேப்பரை எண்ணின. விடு."

"வராத பேப்பரை யாரு எண்ணுவா?"

அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் எல்லோருக்கும் பதில் தெரியும். இங்கே நாற்பது நாள் முடிகிற வரை குழந்தையை யார் கண்ணிலும் காட்டமாட்டோம். அதற்கு முன்னால் எவளும் பதிவு அலுவலகத்துக்குப் போகமாட்டாள். நாற்பதுக்குள் குழந்தை போய்விட்டால் துணியில் சுற்றி அன்று மாலையே புதைத்துவிடுவார்கள். பிறந்ததற்கும் காகிதம் இல்லை, செத்ததற்கும் இல்லை. தலைமை மருத்துவருக்கும் அதுதான் வசதி. ஒவ்வொரு சாவுக் காகிதத்துக்கும் மேலிருந்து ஒரு விசாரணைக் குழு வந்து அவரை வாட்டி எடுக்கும். பெற்றவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் நல்ல ஏற்பாடு.

சல்கின் ஒருநாள் மேல் பள்ளத்தாக்கின் பிறப்புப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். மூன்று வருடத்தில் பதிவான குழந்தைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் டொக்டோசுன், துர்சுனாய், துர்துபெக் என்று முப்பத்தேழு பேர். 'போகாதே', 'இருந்துவிடு', 'தங்கிவிட்டான்' என்று அர்த்தம். இந்தப் பெயர்களை ஆசைக்கு யாரும் வைப்பதில்லை. முன்னால் பிறந்தது செத்திருந்தால்தான் அடுத்ததற்கு இப்படி வைப்போம். அந்தக் கணக்கிலேயே சாத்திபல்தி, அதாவது 'விலைக்கு வாங்கினோம்', என்று இரண்டு பேர். பிறந்த பிள்ளையை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு விற்று, திரும்ப விலைக்கு வாங்கி, சாவை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிற வீட்டுப் பிள்ளைகள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பிவிடுவாள். நிலக்கரி லாரியில் தொற்றிக்கொண்டு மேலே போய் முப்பத்தேழு வீட்டுக் கதவையும் தட்டினாள். சில வீட்டில் ரொட்டி கொடுத்தார்கள், சில வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒன்பது வீட்டில் அது தாத்தா பெயர் என்றார்கள். அந்த ஒன்பதையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டாள். மிச்சம் இருபத்தெட்டு வீட்டில் காகிதமே இல்லாத முப்பத்து மூன்று சாவு. எங்கள் அட்டவணையில் நான்கு.

கம்ச்சிபெக் அண்ணனிடம் காட்டியபோது நானும் அங்கே இருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர், அவ்வளவுதான்.

"தங்கச்சி, எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும்போல இருக்கு. விருந்தாளிங்க வர்ற நேரத்துல வீட்டுக் குப்பையை நடுக்கூடத்துல கொட்டுவாங்களா?"

"குப்பையில்லண்ணே. குழந்தைங்க."

"சரி, குழந்தைங்க. பேரை வெச்சு சாவு எண்ணினேன்னு எந்த நாட்டுலயாச்சும் சொல்ல முடியுமா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் என்னன்னு கேப்பாங்கல்ல?"

குழு வந்தது. மூன்று பேர், கூடத் தலைநகரிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் பெண். கம்ச்சிபெக் அண்ணன் ஆடு வெட்டினார். குழுத் தலைவி நரைத்த தலையுடன் ஒல்லியாக ஒரு அம்மாள். பெரிய விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையாக வேகவைத்த ஆட்டுத்தலையை அவள் முன்னால் வைத்ததும் பாவம், அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சாப்பாடு முடிந்து கேள்விகள் ஆரம்பித்தன. படிவங்கள் குறித்த தேதிக்குப் போகின்றனவா? போகின்றன. கூட்டல் சரிபார்க்கப்படுகிறதா? படுகிறது. கணினி உண்டா? உண்டு. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்ப்பார், நான் தலையாட்டுவேன். கேட்டதெல்லாம் உண்மையாகவே நன்றாக இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். காகிதம் வந்த பிறகு நாங்கள் ஒரு தப்பும் செய்ததில்லை.

கடைசியில் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அந்த அம்மாள் கேட்டாள். சல்கின் எழுந்தாள். பெயர்களைச் சொன்னாள், நாற்பது நாளைச் சொன்னாள், இருபத்தெட்டு வீட்டையும் சொன்னாள். பத்து நிமிடம் பேசியிருப்பாள். மொழிபெயர்ப்பாளர் பெண் அதை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

"அவ்வளவுதானா நான் சொன்னது?" என்றாள் சல்கின்.

"சுருக்கமா சொல்லிட்டேன், அக்கா."

"சுருக்காதம்மா. அதுங்க வாழ்ந்ததே சுருக்கம்தான். முழுசாச் சொல்லு."

அந்தப் பெண் முகம் சிவந்து, முழுவதையும் சொன்னாள். குழுத் தலைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள், கேலியாக இல்லை. நம்புவதாகச் சொன்னாள். ஆனால் அறிக்கையில் எழுத ஆவணம் வேண்டும், முப்பத்து மூன்றில் ஒன்றுக்காவது காகிதம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை.

"இதெல்லாம் கேள்விப்பட்டதுங்க," என்று அண்ணன் இடையில் புகுந்தார். "பொம்பளைங்க அடுப்படியில பேசிக்கிறது. எங்க சல்கினுக்குக் கொஞ்சம் இளகின மனசு."

"என் மகன் பேரு துரார்," என்றாள் சல்கின்.

துரார் என்றால் 'இருப்பான்'.

"எண்பத்தொம்பதுல எனக்கு ஒரு பொண்ணு பொறந்தா. ஒன்பது நாள். எல்லாரையும் போல நானும் நாப்பது ஆகட்டும்னு இருந்தேன், பதியாமலே விட்டாச்சு. திரும்ப வேலைக்கு வந்து அந்த வருச அட்டவணையை நான்தான் போட்டேன். எங்க கிராமத்துக்கு நேரா சைபர்னு எழுதினேன். கேள்விப்பட்டது இல்லண்ணே. என் கையெழுத்து இருக்கு, போய் எடுத்துப் பாருங்க."

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். என் பெரியவன் பெயர் டொக்டோபெக். அவனுக்கு முன்னால் எனக்கு இரண்டு. ஒன்று பதினோரு நாள், ஒன்று ஒரு ராத்திரி. நான் வாயைத் திறந்திருந்தால் ஒரே மேசையில் மூன்று ஆகியிருக்கும். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வசந்தத்தில் அறிக்கை வந்தது. காலந்தவறாமை, நான்குக்கு நான்கு. உள்முரண்பாடு இல்லாமை, நான்கு. பதிவின் முழுமை, மூன்று. கீழே பொடி எழுத்தில், உள்ளூர் ஊழியர் ஒருவர் சில ஐயங்களைத் தெரிவித்தார், ஆவணச் சான்று இல்லை என்று ஒரு வரி. அண்ணன் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அறிக்கை வருவதற்குள், ஜனவரியிலேயே, பிரசவ மனையை மூடியிருந்தார்கள். அடுப்பைக்கூடக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். பிப்ரவரியில் இரண்டு பெண்கள் லாரியில் கணவாயைத் தாண்டினார்கள். ஒருத்தி நகரம் வந்து பெற்றாள். இன்னொருத்தி வழியில் பெற்று, கையில் ஒன்றும் இல்லாமல் வந்தாள். எங்கள் பிப்ரவரி அட்டவணையில் சாவு இல்லை.

அந்த அட்டவணையை எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு சல்கின், "ஒரு காகிதம் கேட்டாங்கல்ல, வாங்கிடலாம்," என்றாள்.

அவள் வாங்கப் போனது தன் மகளுக்கான காகிதத்தை. பத்தொன்பது வருடம் கழித்துப் பதிய வேண்டும் என்றால் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டும், அதற்கு இரண்டு சாட்சி வேண்டும். புருஷன் சைபீரியாவிலிருந்து போனில் கத்தியது எனக்கே கேட்டது. "மண்ணுக்குள்ள போனதைக் கிளறாத. உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா?" அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவன் கத்தி முடிக்கட்டும் என்று நின்றாள். கம்ச்சிபெக் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தாமதமாகப் பதிந்தாலும் பதிந்த வருடத்துக் கணக்கில்தான் ஏறும், நம் மாவட்டத்தில் சாவு கூடியதாகக் காட்டும், நீயாவது அவளுக்குப் புத்தி சொல்லு என்றார். நான் சொல்லவில்லை. அந்த அளவுக்காவது ரோஷம் எனக்கு மிச்சம் இருந்தது.

ஒரு சாட்சி அவள் பக்கத்து வீட்டுக்காரி. இன்னொன்று நான். எண்பத்தொன்பதில் ஆண்கள் புதைக்கப் போயிருந்தபோது அவள் வீட்டில் வந்தவர்களுக்கு ரொட்டி சுட மாவு பிசைந்தவள் நான்தான். நீதிபதி கேட்டதற்கு அதைச் சொன்னேன். குழந்தையைப் பார்த்தீர்களா என்றார். துணியில் சுற்றும்போது பார்த்தேன், காதோரம் முடி இருந்தது என்றேன். சல்கின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உத்தரவு கையில் கிடைத்ததும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் பெண் இரண்டு படிவங்களை எடுத்தாள். முதலில் பிறப்பு. தாய் பெயர், தந்தை பெயர், தேதி. அப்புறம், "குழந்தை பேரு?" என்றாள்.

நாற்பது நாளுக்கு முன்னால் போன குழந்தையைப் பற்றி இங்கே யாரும் பெயர் சொல்லிப் பேசியதில்லை. 'அது' என்போம். பெயர் இல்லை என்று அவள் சொன்னால் படிவத்தை ஏற்கமாட்டார்களே என்று தவித்தேன்.

"அனார்குல்," என்றாள் சல்கின், ஒரு நொடிகூட யோசிக்காமல். "மாதுளம்பூ. எழுத்து ஒண்ணும் விட்டுடாதம்மா."

பத்தொன்பது வருடம். எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறைகூட அந்தப் பெயரை நான் கேட்டதில்லை.

பிறப்புச் சான்றிதழில் மை காய்வதற்குள் இறப்புச் சான்றிதழையும் எழுதி நீட்டினாள் எழுத்தர். சல்கின் இரண்டையும் ஒழுங்காக மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு பிரதி அந்த வெளிநாட்டு அம்மாளுக்குப் போயிற்று. பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை, வந்திருந்தால் சொல்லியிருப்பாள். படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னோடது ரெண்டுக்கும் நான் சாட்சிக்கு வர்றேன்டி," என்றாள். "எப்ப வேணும்னாலும் சொல்லு."

சரி என்றேன். டிசம்பர் கடைசியில் வருட அட்டவணையை எழுதிக் கொடுத்தாள். ஒரு வயதுக்குள் இறந்தவர்கள் என்ற கட்டத்தில் மாவட்டம் முழுவதற்கும் ஏழு. அவளுடைய மகள் அதில் இருந்தாள். என்னுடைய இரண்டையும் சேர்த்து ஒன்பது என்று இருந்திருக்க வேண்டும். நான் ஏழு என்று அடித்து, கையெழுத்துக்கு அனுப்பினேன்.