பட்டில் ஆராய்ச்சி

போன ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் லலிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் செம்பூர். மாட்டுங்காவில் எங்கள் ஃப்ளாட் வரைக்கும் டாக்ஸி! அதை வாசலிலேயே காக்கவும் வைத்திருந்தார்கள்.

லலிதா எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறாள். செருப்பு டப்பாவில் பட்டுப்புழு வளர்க்கிறாள். டப்பா வந்த நாளிலிருந்து வீட்டில் ரகளைதான். "ஆத்துக்குள்ள புழுவைக் கொண்டுவந்து மடியைக் கெடுக்கறாளே!" என்று மாமியார் கத்துவார் – மடிக்காகக் கட்டிய பட்டுப் புடவையோடு!

"அம்மா, நீ கட்டிண்டிருக்கறதே இதோட எச்சில்தான்" என்பாள் லலிதா. அப்புறம் கேட்பானேன்...

வரன் கைநழுவிவிடக் கூடாதே என்று மாமியாருக்குக் கவலை. கல்யாணத்தோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிடுவார்களோ என்று லலிதாவுக்குக் கவலை. "என்ன படிக்கறேன்னு கேட்டா, பட்டுல ஆராய்ச்சின்னு மட்டும் சொல்லு. மேல வாயைத் திறக்காதே" என்று மாமியார் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

சொன்னாள். பிள்ளையின் அம்மா முகம் மலர்ந்துவிட்டது.

"பட்டுலயா! காஞ்சீபுரமா, ஆரணியா?"

லலிதாவுக்குப் பொய் வராது. "புடவை இல்லே மாமி, புழு. துளியூண்டா இருக்கறச்சயே அதோட டெஸ்டிஸ், ஓவரியெல்லாம் எப்படி உருவாறதுன்னு பார்க்கறேன்."

இங்கிலீஷ்தான் எத்தனை வசதி! அதையே தமிழில் சொல்லியிருந்தால் மாமியார் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்.

ஆனால் அந்த அம்மாள் விடவில்லை. "ஓவரின்னா?"

"முட்டைப்பை மாமி."

மாமியார் என் கையைக் கிள்ளினார். போச்சு, டாக்ஸி கிளம்பிவிடும் என்று நானும் நினைத்தேன்.

லலிதா நிறுத்தினால்தானே? "வெளியே அடையாளம் தெரிய நாளாகும். ஆனா முட்டையை விட்டு வரச்சயே ஆணா பொண்ணான்னு உள்ளே முடிவாயிருக்கும்."

"யார் முடிவு பண்றா?" அந்த அம்மாளின் குரல் மாறியிருந்தது. "நாலு பொண்ணுக்கப்புறம்தான் இவன் பொறந்தான். எல்லாம் என் வயித்துக் கோளாறுன்னு மாமியார் கண்ணை மூடற வரைக்கும் சொல்லிண்டிருந்தா. அதான் கேக்கறேன்."

லலிதா மெதுவாகச் சொன்னாள்: "புழுவிலே அம்மா. மனுஷாள்லே அப்பா."

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான் – சொல்லிக்கொள்ள என்ன வெட்கம்?

பட்டை மடி என்று கொண்டாடுவோம். பிள்ளை பெற்றால் கொண்டாடுவோம். இரண்டும் உருவாகிற இடத்தைப் பற்றிப் பேசினால் மட்டும் முகம் சுளிப்போம். அந்தச் சுளிப்பில் எத்தனை பெண்கள் செய்யாத குற்றத்தைச் சுமந்தார்களோ!

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ படிப்பை முடிக்கட்டும். அப்புறம் கல்யாணத்தை வெச்சுக்கலாம். எங்காத்துக்கு வரச்சே அந்த டப்பாவும் கூட வரணும்" என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "ஏன்னா... கேட்டேளோன்னோ?"

அவர் சட்டென்று எழுந்தார். "நாழியாச்சு, லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டாமா?"

டாக்ஸி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.