தேன் பதத்தில் தீர்த்தம்

ஆள்காட்டி விரலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, வலது கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே நுழைந்து, பின்னாலிருந்து முன்னால் மெதுவாக வழித்து வருகிறது அந்தக் கை. கடைசி விள்ளலையும் விழுங்கியாயிற்று என்று வீட்டார் நம்பிய பிறகு, நான்காவது வழிப்பில் ஓர் இட்லித் துணுக்கு வருகிறது. மரத்துப்போன கன்னம், தனக்குள் ஒன்று தங்கியிருப்பதைச் சொல்லாது.

"பாத்தீங்களா கண்டக்டர் சார்? டிக்கெட் வாங்காம ஒருத்தன் கடைசி சீட்ல உக்காந்துனு இருக்கான்."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பலராமனின் வாய் இடப்பக்கம் மட்டும் சிரிக்கிறது. வேலூர் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டர். வேங்கிக்காலில் வீடு கட்டி ஓய்வாக இருந்தவரைப் பக்கவாதம் தாக்கி மூன்று மாதம் ஆகிறது. வலது கையும் காலும் பேச்சும் ஒரே காலையில் போயின.

துணி சுற்றிய கை அருணாதேவியுடையது. வயது நாற்பத்திரண்டு, படிப்பு ஒன்பதாவது. மருத்துவமனை வார்டு ஒன்றில் பன்னிரண்டு வருடம் ஆயாவாக இருந்தபோது, நர்ஸுகள் செய்வதைப் பார்த்தும் கேட்டும் கற்றுக்கொண்டவர். இப்போது பக்கவாத நோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிக்கிறார். வளையல் போடுவதில்லை, புரட்டிப் படுக்கவைக்கும்போது தோலைக் கீறிவிடுமாம். செயலற்ற கையைப் பிடித்து யாராவது தூக்கினால் மட்டும் குரல் உயரும். "கையப் பிடிச்சு இழுக்காதீங்க, தோள் எறங்கிடும்!" நோயாளி வாயால் குடிக்கிற வரை அந்த வீட்டில் காபி குடிக்கமாட்டார். "அவரு பாத்துனு இருக்காரு. எனக்கு மட்டும் எப்படிங்க எறங்கும்?"

இந்த வீட்டில் அவருக்குச் சிக்கல் தண்ணீரால் வந்தது. பலராமனின் அக்கா பச்சையம்மாள் போன பௌர்ணமிக்குக் கிரிவலம் முடித்து, ஒரு பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்து, அருணாதேவி இல்லாத நேரத்தில், படுத்திருந்த தம்பியின் வாயில் ஊற்றினார். தம்பி இருமினார். சாமி தீர்த்தம் உள்ளே போய்விட்டது என்று எல்லாருக்கும் நிம்மதி. அது நுரையீரலுக்குப் போயிருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல், ஒன்பது நாள் மருத்துவமனை, மூக்கில் குழாய். குழாயை எடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது. மறுபடி சளி கட்டினால் மறுபடி குழாய்தான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பலராமனின் மனைவி வேதா அதற்குப் பிறகு நாத்தனாரோடு பேசவில்லை.

இந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை பச்சையம்மாள் மறுபடி வந்து வாசல் கேட்டில் நின்றார். காலில் செருப்பில்லை. கையில் பாட்டில்.

"ஒரு தடவ பட்டது போதும் அண்ணி. அங்கயே வெச்சுட்டுப் போங்க" என்றார் வேதா.

"என் தம்பிக்கு நான் வெஷமாடி குடுத்தேன்?"

அருணாதேவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வெஷம் யாரும் குடுக்கலீங்க. தண்ணி கொஞ்சம் வேகமாப் போயிடுச்சு. உள்ள வாங்க. பாட்டிலக் குடுங்க."

தீர்த்தத்தைக் கொதிக்கவைத்து ஆற்றினார். மருந்துக்கடையில் வாங்கிய, தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடரை அளந்து போட்டுக் கலக்கினார்.

"சாமி தீர்த்தத்துல என்னாத்தப் போட்டுக் கலக்குற?" பச்சையம்மாளுக்குப் பதறியது.

"இவரு தொண்ட மெதுவாத்தான் மூடுது. தண்ணி அதுக்கு முன்னாடி ஓடிடுது. கொஞ்சம் நிதானமா வான்னு தண்ணிக்குச் சொல்றேன், அவ்ளோதாங்க."

ஸ்பூனைச் சாய்த்தார். வேகமாகச் சொட்டியது. இன்னொரு சிட்டிகை போட்டு, கட்டி தட்டாமல் கலக்கிவிட்டுக் காத்திருந்தார். மறுபடி சாய்த்தபோது தேன் மாதிரி தயங்கி வழுக்கி இறங்கியது.

பலராமனின் தாடையைக் கீழே குனியவைத்து, வாயின் இடப்பக்கம் அரை ஸ்பூன் கொடுத்தார். இரண்டு விரல்களைத் தொண்டைமேல் லேசாக வைத்துக்கொண்டார். தொண்டை ஏறி இறங்கியது.

"எங்க, ரைட் சொல்லுங்க கண்டக்டர் சார்."

அவருக்குத் திரும்பிவந்திருக்கும் ஒரே சொல் அது. தொண்டையில் நீர் தங்கியிருந்தால் குரல் கொழகொழவென்று வரும். வேதா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். இருமல் வருமோ என்று மூவரும் காத்திருந்தார்கள்.

"ரை...ட்."

தெளிவான, வறண்ட குரல். இரண்டாவது ஸ்பூனுக்கும் அதே குரல். மூன்றாவதுக்கு அருணாதேவி கேட்பதற்கு முன்பே வந்தது.

"பொண்டாட்டி பேரு வரல, இது மட்டும் எப்படி வருது பாரு" என்று வேதா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு சுவரோரம் நின்ற நாத்தனாரைப் பார்த்தார். போகச் சொல்லவில்லை.

பச்சையம்மாள் அங்கிருந்து நகரவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தார்.

அருணாதேவி எழுந்து ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. தாட கீழயே இருக்கட்டும். அர ஸ்பூனு. ரைட் சொன்னப்புறந்தான் அடுத்தது."

"நானா?"

அருணாதேவி முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கைகளை வெளியே எடுத்து, ஒன்றில் டம்ளரையும் மற்றதில் ஸ்பூனையும் வைத்தார்.