மாமாவின் வெள்ளைக் காரும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பா இறந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது, எனக்கு ஏழு. படிப்பை விட்டுவிட்டுக் கிள்ளானில் துறைமுகக் கிடங்கு வேலைக்குப் போய் அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். கோபக்காரர். குழம்பில் உப்பு குறைந்தால் வீடு இரண்டாகும். இதையெல்லாம் இந்த நினைவு மலரில் எழுதலாமா என்று அண்ணி கேட்டார்கள். உள்ளதைத்தானே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டு வாசலில் மங்கிப்போன கார்களுக்குக் கம்பவுண்ட் பசை தடவி, மெஷினைச் சுழலவிட்டுப் பாலிஷ் போடுவார். எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளையின் அப்பா, அதாவது என் மாமா, தம் வெள்ளைக் காரை அண்ணனிடம் கொண்டுவந்தார். புதுக் காரென்று கோயிலில் பூசை போட்டபோது பானட்டில் வைத்த குங்குமம் வெயிலில் காய்ந்து கறையாகியிருந்தது. கல்யாண ஊர்வலம் அந்தக் காரில்தான்.

கறை லேசில் போகவில்லை. பிடிவாதக்கார அண்ணன் மெஷினை ஒரே இடத்தில் வைத்து அழுத்தினார். சூடேறிப் பெயிண்ட் தேய்ந்துபோனது. சட்டென்று அதன்மேல் துணியைப் போட்டு மூடியதை ஜன்னல் வழியே பார்த்தேன். மாமா வீட்டில் எதற்கெடுத்தாலும் சகுனம் பார்ப்பார்கள். குங்குமம் வைத்த இடத்திலேயே இப்படி ஆகிவிட்டதே, கல்யாணம் நின்றுவிடுமே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா வந்ததும் அண்ணன் மறைக்கவில்லை. "கை அழுத்திருச்சு மாமா. என் தப்பு. நானே சரி பண்ணித் தரேன்" என்றார்.

மாமா துணியைத் தூக்கிப் பார்த்தார். அண்ணனை வேலியோரம் கூட்டிப்போய் ஏதோ பேசினார். திரும்பி வந்த அண்ணன் என்னிடம், "ஒண்ணும் ஆகல லா. போய் முகத்தக் கழுவு" என்றார். போன உயிர் திரும்பியது. கல்யாணமும் குறையில்லாமல் நடந்தது. மாமாவின் பெருந்தன்மையை அன்று முதல் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். அண்ணனிடமே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "ஆமா, நல்ல மனுஷன்" என்பார்.

போன ஆண்டு அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாமா என்னையும் என் மாமியாரையும் உட்காரவைத்தார்.

"வெள்ளைக்கு அடியில நீலம் தெரிஞ்சிருச்சும்மா. அது பழைய காரு. புதுசா பெயிண்ட் அடிச்சு வித்தாங்க. நான் வீட்ல புதுக் காருன்னு சொல்லிட்டேன். வெளிய சொல்லிடாதன்னு உங்கண்ணன் கையப் பிடிச்சேன். தம்பி கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல."

"அட பாவி மனுஷா" என்றார் மாமியார். பிறகு அவரே சிரித்துவிட்டார். மாமாவுக்குப் பெரிய பாரம் இறங்கியது. இதை மலரில் எழுதச் சொன்னவரும் அவர்தான்.

அண்ணன் இரண்டே நாள்தான் மருத்துவமனையில் இருந்தார். வலியில்லாமல் போனார் என்பதில் எங்களுக்கு நிம்மதி. அந்த இரண்டு நாளும் அண்ணியை விட்டு நகராத அண்டை வீட்டாருக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய உறவினருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அண்ணே, தப்பெல்லாம் உங்களுடையது, மன்னித்தவர் மாமா என்றே என்னை நம்பவிட்டீர்கள். அந்த நம்பிக்கையில்தான் பயமில்லாமல் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தேன். உங்களுக்கு மட்டும் நன்றி சொல்லாமல் விட்டுவிட்டேன்.