மாமனாரின் பழைய ரீல்

மாமனாரிடம் ஒரு பழைய மீன்பிடி ரீல், தூண்டில் நரம்பு வெளியே தெரியாமல் மூடியிருக்கும். அதைக் "காயலான் சரக்கு" என்று கிண்டல் செய்தவன் நான்.

இன்று காலை அவரிடம் சொல்லாமல் அதையும் அதற்கான தூண்டில் கம்பையும் உடையார்பாளையம் ஏரிக்கு எடுத்துப்போனேன். நரம்பு ஒருமுறைகூடச் சிக்கவில்லை. பெரிய விரால் மாட்டியது.

திரும்பி வந்து, ரீலையும் கம்பையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

"எதுல புடிச்சீங்க மாப்ள?"

"என் புது ரீல்லதான் மாமா."

"நீங்க சொன்னது சரிதான். பழச வச்சு என்ன பண்ண?" என்றவர், மதியம் வந்த பழைய இரும்பு வியாபாரியிடம் ரீலையும் கம்பையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

பைக்கில் துரத்திப்போய் வாங்கி வந்து, பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அவரோ மீன்குழம்பை ருசித்துக்கொண்டே என் புது ரீலைப் புகழ்கிறார்.

இரவுக்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மாமனாரிடம் பொய் சொல்லி மாட்டிய அனுபவசாலிகளே, எப்படி ஆரம்பிப்பது?