தறியின் மேல் போட்ட பழி

அப்பா அவர்கள் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவருடைய நற்குணங்களைச் சொல்ல இந்த நினைவு மலரில் உறவினர் பலர் இருக்கிறார்கள். மூத்த மகனான நான் அவருடைய முதுகைப் பற்றியும் என் கண்ணைப் பற்றியும் எழுதுகிறேன். "சாமி படம் போடற மலர்ல வியாதிய எழுதாதடா. கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணுங்க இருக்குதுங்க" என்றார் சித்தப்பா. அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

அப்பா பிறந்தது திருமுக்கூடலில். வயிற்றுப்பாட்டுக்காகச் சிறுவயதிலேயே காஞ்சிபுரம் வந்து, பிள்ளையார்பாளையத்தில் கூலிக்கு நெய்து, பிறகு சொந்தத் தறி போட்டார். நாங்கள் அறிந்த நாள் முதல் அவர் முதுகு வளைந்துதான் இருந்தது. காலையில் பாயை விட்டு எழ அவர் படும் பாடு சொல்லி முடியாது. வாசலுக்கும் கிணற்றுக்கும் நடந்து நடந்து உடம்பு சூடேறினால்தான் இடுப்பு இளகும். யாராவது கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, ஆளே திரும்புவார். தெரியாதவர்கள் அதைத் தலைக்கனம் என்றார்கள். தலைக்கனமாவது! எதிரில் வரும் ஆட்டுக்குட்டிக்கும் ஒதுங்கி வழிவிடுகிற மனிதர் அவர்.

முதுகு இடம் கொடுக்காததால்தான், பள்ளிப்படிப்பு முடிந்ததும் என்னைத் தறியில் உட்கார வைத்தார். கொஞ்ச காலத்தில் என் வலது கண் சிவந்தது. குத்தல் என்றால் அப்படி ஒரு குத்தல். ஜன்னல் வெளிச்சத்தைக்கூடத் தாங்க முடியவில்லை. நந்தியாவட்டைப் பூ வைத்துக் கட்டினார்கள், தாய்ப்பால் விட்டார்கள். ஆறுவதும் திரும்ப வருவதுமாக இருந்து, அந்தக் கண்ணில் பாதிப் பார்வை போயிற்று.

"ஜரிகையப் பார்த்துப் பார்த்துக் கண்ணு போச்சு. புள்ள கண்ண நான்தான் கெடுத்தேன்" என்று அப்பா அம்மாவிடம் சொல்லி அழுதார். அதன்பின் என்னைத் தறிப்பக்கம் விடவே இல்லை. ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டு, நான் நெய்ய வேண்டியதையும் அந்த முதுகை வைத்துக்கொண்டு தானே நெய்தார். நானும் சும்மா இருந்தேன். அவரால்தான் என்று எனக்குள்ளும் ஒரு கோபம் இருந்தது. ஐயோ, அதை இன்று எழுதவே கை கூசுகிறது.

பல வருஷம் கழித்து இடது கண்ணும் சிவந்தபோது, அப்பா என்னை மெட்ராஸில் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். கண்ணைப் பார்த்து முடித்த டாக்டர், "உங்க வீட்டுல யாருக்காவது முதுகு வளைஞ்சி, காலையில இடுப்பு விறைச்சிக்குமா?" என்று கேட்டார். அப்பாவும் நானும் சிரித்துவிட்டோம்.

"தறிக்காரங்க ஐயா நாங்க. எங்க தெருவுல யாருக்குத்தான் முதுகு நேரா இருக்குது?" என்றார் அப்பா.

டாக்டர் சிரிக்கவில்லை. அப்பாவை நிற்க வைத்துக் குனியச் சொன்னார். கை முழங்காலைத் தாண்டவில்லை. அப்பாவின் கண்ணையும் பார்த்துவிட்டு, உள்ளே பழைய தழும்பு இருக்கிறது என்றார்.

"முதுகும் கண்ணும் ஒரே வியாதிதான். ரத்தத்துல ஒரு கூறு வழிவழியா வருது. அது இருக்கறவங்க எல்லாருக்கும் வந்துடாது, ஆனா மத்தவங்களவிட வர வாய்ப்பு அதிகம். தறியும் காரணமில்ல, ஜரிகையும் காரணமில்ல."

அவர் கொடுத்த சொட்டு மருந்தில் இடது கண் தப்பியது.

திரும்பும் ரயிலில், "பார்த்தியாப்பா, உன் தப்பே இல்ல" என்றேன் குஷியாக. வாலாஜாபாத் தாண்டும்போது அப்பா என் பக்கம் ஆளே திரும்பினார். பிறகு, "தறிதான் காரணம்னதும் உன்ன எழுப்பிட்டு நான் உக்காந்துக்கினேன். ரத்தத்த என்னடா பண்றது?" என்றார். "சரிதான் போப்பா" என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

கடைசி மாதங்களில் மூச்சுக்குத் திணறிக்கொண்டே தினமும் காலையில் பேரப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "குனிங்க பார்ப்போம், காலத் தொடுங்க" என்பார். தாத்தாவின் விளையாட்டு என்று வீடே சிரித்தது. எல்லோரும் தொட்டுவிட்டால் அன்று கூடுதலாக ஒரு இட்லி சாப்பிடுவார்.

போன மாதம் என் மூத்த மகன் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "இடுப்பு புடிச்சிக்கினு இருக்குதுப்பா" என்றான். குனியச் சொன்னேன். முழங்காலோடு கை நின்றுவிட்டது.

"ஏம்பா அழுவுற? நீ என்னப்பா பண்ண?" என்று கேட்டான் பிள்ளை.

அப்பாவின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் துணையிருந்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த நெசவாள நண்பர்களுக்கும், இந்த மலரைப் படித்த பிறகும் என்னோடு பேசப்போகும் சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பங்காளிகளுக்கும், எங்கள் வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்ட சம்பந்திகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளையும் காலையில் குனியச் சொல்லிப் பாருங்கள். இடுப்பு விறைத்தாலோ, கண் சிவந்து வெளிச்சம் கூசினாலோ மறைக்காமல் என்னிடம் வாருங்கள். டாக்டரிடம் நானே கூட வருகிறேன். வீட்டில் யாருக்காவது முதுகு வளைந்திருக்கிறதா என்று அவர் கேட்டால், இந்த முறை சிரிக்க மாட்டேன்.