குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னேன்

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் என் தந்தைமீது உலர்த்திய ரப்பர் ஷீட்டுகளைத் திருடியதாக வழக்கு. நீதிமன்ற வராந்தாவில் வெற்றிலை மென்றபடி ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார்: "ஏட்டி, ஓசி வக்கீலு வந்தா வருசக்கணக்கா இழுக்கும். அப்பனை ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டச் சொல்லு. மத்தியானமே வீட்டுக்குப் போயிரலாம்."

நானும் அப்பாவிடம் அதையே சொன்னேன்.

நல்லவேளை, அப்பா கூண்டில் ஏறுமுன் இலவச சட்ட உதவி மையத்தின் பெண் வழக்கறிஞர் வந்து குற்றப்பத்திரிகையைப் படித்தார்.

"திருட்டு நடந்ததா எழுதியிருக்க பதினொண்ணாம் தேதி எங்க நின்னிய, அண்ணாச்சி?"

"கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தேன். அந்தத் தேதியை யாருமே சொல்லலியே!"

ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணைக்கு இருந்தவள் நான்தான். ஆஸ்பத்திரிப் பதிவை வழக்கறிஞர் காட்டினார்; அப்பா விடுதலையானார். குமாஸ்தாவை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. கல்லூரியில் கவிதையைச் சொல் சொல்லாகப் படிக்கும் நான் அந்தக் குற்றப்பத்திரிகையைப் புரட்டவே இல்லை என்பதில் அதைவிட ஆத்திரம். இப்போதெல்லாம் எங்கள் தெருவில் யாருக்குச் சம்மன் வந்தாலும், கடைசி வரிவரை வாசித்துவிட்டு, அந்த மையத்துக்கே அழைத்துச் செல்கிறேன்.