சேர்த்து எழுதிய பத்திரம்

நாமகிரிப்பேட்டையில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். பிரிப்பதற்கு என்னிடம் சொற்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பாகப்பிரிவினை, உட்பிரிவு, விடுதலை. போன ஆடியில் இரண்டு பெண்கள் வந்து, "ரெண்டு காட்டையும் ஒண்ணாக்கி எழுதிக் குடுங்க" என்று கேட்டபோதுதான், சேர்ப்பதற்கு என்னிடம் ஒரு சொல்லும் இல்லை என்று தெரிந்தது.

அவர்கள் ஓரகத்திகள். அவர்களுடைய கணவன்மார்களான அண்ணன் தம்பிக்கு ஒன்பது வருடங்களுக்கு முன்பு காட்டு நிலத்தைப் பாகம் பிரித்து எழுதியது நான்தான். கிணற்றுத் தண்ணீர் எந்தக் கிழமை யாருக்கு என்பதுவரை எழுதினேன். அண்ணன் கையெழுத்துப் போட்ட பேனாவைத் தம்பி தொடவில்லை. வேறு பேனா கேட்டு வாங்கினார். இப்போது இருவருமே இல்லை. காடு மனைவிகளின் பேரில் இருக்கிறது.

"பசங்க ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டேன்.

"அவுங்க பெங்களூர்ல இருக்கறாங்க" என்றார் மூத்தவர். "ஆம்பளைங்க பிரிஞ்சாங்க. நாங்க எப்பங்க பிரிஞ்சோம்? பேசிக்காம இருந்தோம், அவ்வளவுதான்."

நாலு நாள் கழித்து வரச்சொல்லி அனுப்பினேன். அந்த நாலு நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. 'சேர்க்கை' என்று தட்டினால் பள்ளிக்கூட வாசல் பலகை மாதிரி இருந்தது. 'இணைப்பு' என்றால் கரண்ட் ஆபீஸ். 'கூட்டு' என்றால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. எழுதுவேன், அழிப்பேன், எழுந்துபோய் டீ குடிப்பேன்.

"ஊட்டுக்குள்ள எதுக்குங்க இப்படி நடக்கறீங்க? ஒரு எடத்துல உக்காருங்க" என்றாள் மனைவி.

சொல் கிடைக்காதது மட்டும் காரணமில்லை. அன்று அந்த அண்ணன் தம்பியிடம், ஒரு வாரம் பொறுத்து வாங்க என்று நான் சொல்லியிருக்கலாம். பத்திரம் தயாராக இருந்தது. சொல்லவில்லை.

பதிவு அலுவலகத்தில் விசாரித்தேன். "அப்படியொரு தலைப்பே கிடையாதுங்க. பரிவர்த்தனைன்னு போடுங்க. அவங்க காட்டுல பாதி இவங்களுக்கு, இவங்க காட்டுல பாதி அவங்களுக்கு" என்றார் எழுத்தர்.

அப்படியே எழுதி, வந்தவர்களுக்குப் படித்துக் காட்டினேன். 'பிரிபடாத பாதி பாகம்' என்ற இடத்தில் இளையவர் என்னை நிறுத்தினார்.

"இதுலயும் பிரின்னுதானுங்களே வருது?"

சட்டத்தில் அதற்கு வேறு சொல் இல்லை என்றேன். அவர் முகம் தெளியவில்லை. எனக்கும் மனசு ஒப்பவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இனி இருவரும் பொதுவில் ஒன்றாக அனுபவித்து வரவேண்டியது.' இளையவர் அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"போதும் சாமி" என்றார் மூத்தவர்.

பதிவு முடிந்த மறுவாரம் மூத்தவரின் மகன் போனில் சத்தம் போட்டான். "உங்க அம்மாவக் கேளுங்க" என்று வைத்துவிட்டேன். ஆனாலும் தப்பாக எழுதிவிட்டோமோ என்ற நினைப்பு அரித்துக்கொண்டே இருக்க, ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தக் காட்டுக்கே போனேன்.

தூரத்திலேயே சத்தம் கேட்டது. அடுத்து நடுவது மஞ்சளா, மரவள்ளியா என்று இருவரும் வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினேன்.

"ஏனுங்க, சண்டைங்களா?"

"ஆமாங்க" என்றார் இளையவர், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "ஒம்போது வருசத்துச் சண்டை பாக்கி கெடக்குது. நீங்க அப்பிடி நெழல்ல உக்காருங்க."

உட்கார்ந்தேன்.